மின்சாரம் உண்ணும் சுரங்கம்

நுழையும்முன்

மைசூரு பணத்தோடு நெருங்கிய உறவுடைய ஊர். பாரதிய ரிசர்வ் வங்கி நோட்டு முத்ரண் நிறுவனத்தின் அச்சகம் 1996 முதல் இங்கு ரூபாய்த் தாள்களை அச்சிட்டு வருகிறது. அத்தாள்களுக்குரிய காகிதத்தை உருவாக்கும் ஆலையும் இவ்வூரிலேயே இருக்கிறது. அரசு முத்திரையோ அச்சகமோ இன்றி, வீட்டின் ஓர் அறையில் கணினியைக் கொண்டே நாணயம் எடுக்கலாம் என்னும் பேச்சு சில ஆண்டுகளுக்கு முன் எங்கும் பரவியது. அதன் கருவிகளையும் வரவு செலவையும் அறிவோமா?

அன்று வகுப்பில் யாப்பிலக்கணம் நடந்துகொண்டிருந்தது. வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றைக் கொண்டு முடியும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். 'காசு' என்ற சொல் செவியில் விழுந்ததும் மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, கணினியில் காசு தோண்ட முடியும் என்கிறார்களே, உண்மையா? என் அண்ணன் பழைய கிராபிக்ஸ் கார்டுகள் ஆறு வாங்கப் போகிறார். அம்மாவின் வளையல்களை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்" என்றார். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அன்றைய அலகிடுதல் அத்துடன் நின்றது. இக்கட்டுரை அவருக்குச் சொன்ன விடையின் விரிவு.

பேரேடும் புதிரும்

வணிகர்கள் பேரேடு வைத்திருப்பதை அறிவீர்கள். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது அதில் பதியப்படும். வங்கிக் கணக்கின் பேரேடு வங்கியிடம் இருக்கிறது. 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் ஒருவர் வெளியிட்ட அறிக்கை, வங்கியே இல்லாமல் அனைவரும் ஒரே பேரேட்டை வைத்துக்கொள்ளும் வழியைக் கூறியது. அதன்படி 2009 சனவரி 3 அன்று பிட்காயின் தொடங்கியது. எல்லாரும் எழுதக்கூடிய பேரேட்டில் பொய்க்கணக்கு எழுதுவோரை எவ்வாறு தடுப்பது? ஒவ்வொரு பக்கத்தையும் முடித்து வைப்பதற்கு ஒரு கடினமான புதிரை விடுவிக்க வேண்டும் என்பதே அவர் கண்ட வழி. புதிரை முதலில் விடுவிப்பவர் அந்தப் பக்கத்தை முடித்து வைக்கும் உரிமையையும், புதிதாகப் பிறக்கும் நாணயங்களையும் பெறுவார். இவ்வேலைக்கே 'மைனிங்', அதாவது சுரங்கம் தோண்டுதல், என்று பெயர் வந்தது.

புதிரின் இயல்பை வெண்பாவைக் கொண்டே விளக்கலாம். வெண்பா இயற்றுவது கடினம். இயற்றியதை அலகிட்டுச் சரிபார்ப்பது ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கும் எளிது. இப்புதிரும் அத்தகையதே. ஹாஷ் என்பது எவ்வளவு நீளமான செய்தியையும் குறித்த அளவுடைய ஓர் எண்ணாக மாற்றித்தரும் கணக்கு. செய்தியில் ஒரு புள்ளி மாறினாலும் விடை முற்றிலும் வேறாகிவிடும். பேரேட்டின் பக்கத்தோடு ஏதேனும் ஓர் எண்ணைச் சேர்த்து ஹாஷ் கணக்கிட வேண்டும். வரும் விடை குறித்த ஓர் எல்லைக்குக் கீழே அமைய வேண்டும். அமையாவிட்டால் வேறோர் எண்ணைச் சேர்த்து மீண்டும் கணக்கிட வேண்டும். விடை கிடைத்துவிட்டால் உலகில் எவரும் நொடியில் சரிபார்க்கலாம். வெண்பாவோடு உள்ள ஒப்புமை இவ்வளவே. புலவர் பயிலப் பயிலத் தேர்ச்சி பெறுவார். இங்கே தேர்ச்சி என்பதே கிடையாது. கோடிக்கணக்கான முறை குருட்டாம்போக்கில் முயல்வது ஒன்றே வழி.

எனவே, வேகமாக முயல்பவருக்கே வாய்ப்பு மிகுதி. அப்படியானால் எல்லாரும் வேகமான கணினிகளை வாங்கினால் நாணயங்கள் மளமளவென்று குவிந்துவிடுமா? குவியா. பிட்காயினில் சராசரியாகப் பத்து நிமிடத்திற்கு ஒரு பக்கம் முடியும். போட்டியாளர் பெருகி வேகம் கூடினால், 2016 பக்கங்களுக்கு ஒருமுறை புதிர் தானாகவே கடினமாக்கப்படும். பரிசும் குறைந்துகொண்டே வரும். தொடக்கத்தில் பக்கத்திற்கு 50 நாணயம். 2012, 2016, 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் பாதி பாதியாகக் குறைந்து இப்போது 3.125. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் வரும் கணக்கு முழுவதும் இதன்மீதே நிற்கிறது.

விளையாட்டு அட்டை வேலைக்கு வந்த கதை

கணினியின் மையச் செயலி பேரறிஞர் ஒருவரைப் போன்றது. எத்தகைய சிக்கலையும் தீர்க்கும், ஆனால் ஒரு நேரத்தில் சிலவற்றையே தீர்க்கும். திரையில் படம் வரைவதற்கென உருவாக்கப்பட்ட வரைகலை அட்டை, கூட்டல் மட்டும் தெரிந்த ஆயிரக்கணக்கான சிறுவர்களை ஒரே கூடத்தில் அமர்த்தியது போன்றது. என்விடியா நிறுவனம் 2020 திசம்பரில் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ என்னும் அட்டையில் மட்டும் 4,864 சிறு கணக்கிகள் உள்ளன. ஒரே கணக்கை எண் மாற்றி எண் மாற்றிச் செய்வதற்குப் பேரறிஞர் எதற்கு? சிறுவர் கூட்டமே போதும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வாழும் லாஸ்லோ ஹான்யெச் 2010ஆம் ஆண்டிலேயே இதைச் செய்து காட்டினார். அவ்வாண்டு மே 22 அன்று 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கியவரும் அவரே.

பிட்காயினில் அட்டைகளின் காலம் நீளவில்லை. அந்த ஒரு கணக்கை மட்டுமே செய்யும் தனிச் சில்லுகள் 2013இல் சந்தைக்கு வந்து அட்டைகளை வெளியேற்றின. அவற்றுக்கு மறுவாழ்வு தந்தது, 2015 சூலை 30 அன்று தொடங்கப்பட்ட எத்தீரியம். அதன் புதிர், பெரியதோர் அட்டவணையை நினைவகத்தில் வைத்து அடிக்கடி புரட்டிப் பார்க்குமாறு அமைக்கப்பட்டது. ஆதலின் கணக்கிடும் வேகத்தைவிட நினைவகத்தின் வேகமே முதன்மை பெற்றது. அது வரைகலை அட்டைகளின் வலிமை. அட்டவணை நாளடைவில் வளர்ந்துகொண்டும் இருந்தது. 2020 இறுதியில் அது 4 ஜிபி அளவைக் கடந்தபோது, 4 ஜிபி நினைவகமுள்ள அட்டைகள் ஒரே நாளில் பயனற்றுப் போயின.

ஆறு அட்டைகளை ஓர் உலோகச் சட்டகத்தில் வரிசையாக மாட்டி, நீட்டிப்புக் கம்பிகளால் ஒரே தாய்ப்பலகையில் இணைத்து, வலுவான மின்வழங்கியைப் பொருத்தினால் 'ரிக்' எனப்படும் பொறி உருவாகும். தேர்ந்தவர்கள் கணக்கிகளின் வேகத்தைக் குறைத்து நினைவகத்தின் வேகத்தைக் கூட்டுவார்கள். 200 வாட் உண்ண வேண்டிய அட்டை அவ்வாறு 130 வாட்டில் நொடிக்கு ஏறத்தாழ 60 மெகாஹாஷ் தரும்; ஒரு மெகாஹாஷ் என்பது பத்து இலட்சம் முயற்சி. ஆறு அட்டைகள், மின்விசிறிகள், மின்வழங்கியின் இழப்பு எல்லாம் சேர்ந்தால் ஒரு கிலோவாட் ஆகிவிடும். இராப்பகலாக அணைக்காமல் விட்ட இஸ்திரிப் பெட்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அது உண்ணும் மின்சாரமும் அவ்வளவே. அறையில் கக்கும் வெப்பமும் அவ்வளவே.

ஒரு வீட்டின் கணக்கு

2022 சனவரியில் ஒருவர் இப்பொறியை அமைத்தார் என்று கொள்வோம். அந்நாளில் உலகெங்கும் அட்டைகளுக்குத் தட்டுப்பாடு. குறித்த விலைக்கு இருமடங்கு கொடுத்தும் வாங்கினார்கள். அட்டைக்கு 70,000 ரூபாய் வீதம் ஆறுக்கு 4,20,000. பிற உறுப்புகளுக்கு 60,000. ஆக முதல் 4,80,000 ரூபாய்.

வரவு: எத்தீரியத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 6,500 பக்கங்கள் முடிந்தன. பக்கத்திற்கு 2 ஈதர் வீதம் 13,000 ஈதர் புதிதாகப் பிறந்தன. உலகின் எல்லாப் பொறிகளும் சேர்ந்து நொடிக்கு ஏறத்தாழ 100 கோடி மெகாஹாஷ் கணக்கிட்டன. நம்மவரின் பங்கு 360. ஆகவே அவருக்கு நாளொன்றுக்கு 0.00468 ஈதர். ஓர் ஈதரின் விலை அப்போது ஏறத்தாழ 3,000 டாலர், அதாவது 2,25,000 ரூபாய். நாள் வரவு 1,053 ரூபாய்.

செலவு: ஒரு கிலோவாட் வீதம் 24 மணிநேரத்திற்கு 24 யூனிட். யூனிட் 7 ரூபாய் எனக் கொண்டால் 168 ரூபாய். எஞ்சுவது 885 ரூபாய். போட்ட முதல் திரும்புவதற்கு 542 நாட்கள், அதாவது ஒன்றரை ஆண்டு வேண்டும். தாளில் எழுதிப் பார்த்தால் நல்ல தொழிலாகவே தோன்றும். பலருக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்த ஒன்றரை ஆண்டில் நடந்தவற்றைப் பாருங்கள். 2022 ஏப்ரல் முதல் இவ்வகைச் சொத்துகளின் வருவாய்க்கு இந்திய அரசு 30 விழுக்காடு வரி விதித்தது. சுரங்கப் பொறிக்கான செலவைக் கழித்துக்கொள்ள இயலாது என்பது அதற்கு முந்தைய மாதமே நாடாளுமன்றத்தில் தெளிவாக்கப்பட்டது. சூன் மாதம் ஈதரின் விலை 1,100 டாலர் அளவிற்கு வீழ்ந்தது. நம்மவரின் நாள் வரவு 402 ரூபாயாகச் சுருங்கியது. வரி 121, மின்சாரம் 168. கையில் நின்றது 113 ரூபாய். செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் புதிர் முறையையே கைவிட்டது. தம்மிடமுள்ள ஈதரைப் பிணையாக வைப்போரே இனிப் பேரேட்டை எழுதுவர் என்றாயிற்று. எத்தீரியத்தின் மின்நுகர்வு 99 விழுக்காட்டிற்கு மேல் குறைந்தது. அட்டைகளின் வரவு அன்றே சுழியம். சனவரியில் தொடங்கியவருக்குக் கிடைத்தவை ஒன்பது மாதங்களுக்கும் குறைவு.

எஞ்சிய சிறு நாணயங்களை நோக்கி எல்லா அட்டைகளும் ஓடின. ஓடியதனாலேயே பயனில்லாமல் போயிற்று. பரிசு மாறவில்லை; பங்குக்கு வந்தவர்கள் பன்மடங்காகினர். நம் வீட்டு மின்கட்டணத்தில் அந்தப் பங்கு மின்செலவையும் ஈடுகட்டவில்லை. அதன்பின் உலகெங்கும் பழைய பொருள் சந்தைக்கு அட்டைகள் குவியலாக வந்தன. மலிவாகக் கிடைக்கும் பழைய அட்டைகள் அனைத்தும் இவ்வழி வந்தவை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மலிவு ஏன் என்று கேட்காமல் வாங்கலாகாது.

கோலார் சொல்லும் செய்தி

தோண்டுதலும் மின்சாரமும் நம் பகுதிக்குப் புதியவை அல்ல. மைசூருவிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணிநேரப் பயணத்தில் சிவனசமுத்திர அருவியை அடையலாம். காவிரியின் அவ்வீழ்ச்சியில் மைசூர் அரசு அமைத்த நீர்மின் நிலையம் 1902இல் இயங்கத் தொடங்கியது. அதன் மின்சாரம் முதலில் சென்ற இடம் அரண்மனையன்று, பெங்களூரு நகரமும் அன்று. 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலுக்குச் சென்றது. வட ஆற்காட்டிலிருந்தும் பிற தமிழ்ப் பகுதிகளிலிருந்தும் குடியேறிய தொழிலாளர் அங்கே மண்ணுக்கடியில் இறங்கினர். இன்றும் அவ்வூரில் தமிழ் ஒலிக்கிறது. ஆழம் மூன்று கிலோமீட்டரைக் கடந்தது. பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசுக்கு மேல் சென்றமையால் குளிர்ந்த காற்றை உள்ளே செலுத்த வேண்டியிருந்தது. நீரை இறைக்கவும், பாறையைத் தூக்கவும், காற்றைக் குளிர்விக்கவும் மின்சாரம் வேண்டும். ஆழம் கூடக்கூடச் செலவு ஏறியது. பாறையில் தங்கத்தின் அளவோ குறைந்துகொண்டே வந்தது. எடுக்கும் செலவு எடுத்த தங்கத்தின் மதிப்பை விஞ்சியபின், 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. பாறைக்குள் தங்கம் இன்னும் இருக்கிறது என்பார்கள். இருக்கலாம். கணக்கு ஒத்துவரவில்லை.

எனினும் இரண்டிற்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. தங்கவயலில் கூடுதலாக ஆயிரம் பேர் இறங்கினால் கூடுதலாகத் தங்கம் மேலே வரும். கணினிச் சுரங்கத்தில் இன்னும் ஆயிரம் அட்டைகள் சேர்ந்தால் ஒரு நாணயமும் கூடாது. ஏற்கெனவே தோண்டுபவரின் பங்குதான் குறையும். ஆதலின் அங்கே கடைசிவரை நிற்பவர் மிக மலிவான மின்சாரம் உடையவரே. 2021இல் சீனம் இத்தொழிலைத் தடை செய்தபோது பலர் கசகசுத்தானுக்குப் பொறிகளைக் கொண்டு சென்றது அதனாலேயே. நம் அண்டை நாடான பூட்டான், மலையாறுகளின் நீர்மின்சாரத்தைக் கொண்டு அரசே பிட்காயின் எடுக்கிறது. ஆற்றின் உபரி மின்சாரம் உடையவரோடு, யூனிட்டுக்கு 7 ரூபாய் கொடுக்கும் வீடு போட்டியிட வேண்டும். கர்நாடக அரசின் கிருக ஜோதித் திட்டத்தில் 200 யூனிட் வரை கட்டணம் இல்லையே என்று மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆறு அட்டைப் பொறி அந்த 200 யூனிட்டை ஒன்பதாம் நாளிலேயே தீர்த்துவிடும். எல்லையைக் கடந்துவிட்டால் அம்மாதம் முழுவதற்கும் கட்டணம் செலுத்த வேண்டும்.

மறுநாள் அம்மாணவர் தம் வீட்டு மின்கட்டணச் சீட்டையும், அண்ணன் எழுதிக் கொடுத்த அட்டைகளின் பெயரையும் கொண்டுவந்தார். வகுப்பே சேர்ந்து கரும்பலகையில் கணக்கிட்டது. மின்செலவு வரவைவிட மிகுந்தது. இரண்டாவது முறையும் கூட்டிப் பார்க்கச் சொன்னார், பார்த்தோம். விடைத்தாளைப் போல் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சென்றார். அடுத்த மாதம் ஒரேயோர் அட்டை வாங்கியதாகவும், அண்ணன் அதில் காணொலிப் படத்தொகுப்புப் பயில்வதாகவும் சொன்னார். வளையல்களைப் பற்றி நான் கேட்கவில்லை.