அஞ்சு கிலோ அத்தை!

என் அத்தைக்கு வயசு 66. அவளுடைய வலது முழங்கைக்கு வயசு 8!

கணக்கில் தப்பில்லை, சார். முடக்குவாதம் தின்று தீர்த்த மூட்டை எடுத்துவிட்டு, மேல்கை எலும்புக்குள் ஒரு உலோகத் தண்டு, முன்கை எலும்புக்குள் ஒன்று, நடுவில் கீல், பிடித்துக்கொள்ள எலும்பு சிமென்ட். முட்டி மாற்றின மாமிகள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். முழங்கை மாற்றினவள் எங்கள் ஏரியாவுக்கே அத்தை ஒருத்திதான்.

அதற்கு முன்னால் அவள் கை வாய் வரை போகாது. மாமாதான் ஊட்டுவார். 'புது மாப்பிள்ளை!' என்று நாங்கள் கிண்டலடிப்போம். அத்தை சிரிக்கமாட்டாள். கல்யாணத்துக்கும் வரமாட்டாள். பந்தியில் எப்படி ஊட்டிக்கொள்வது?

இப்போது தானே பிசைந்து சாப்பிடுகிறாள். கை முழுசாக நீளாதுதான். ஆனால் அன்றாட வேலை பெரும்பாலானவற்றுக்கு 30 டிகிரியிலிருந்து 130 டிகிரி வரை மடங்கினால் போதும் என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டாக்டர் மோரேயும் சகாக்களும் 1981-லேயே அளந்து சொல்லிவிட்டார்கள்.

கீலைத் திருத்தினவர்களில் மோரேயும் ஒருவர். 1970-களின் ஆரம்பத்துக் கீல்கள் கதவுக் கீல் மாதிரி விறைப்பு. கையைத் திருகும் விசையெல்லாம் சிமென்ட்டில் இறங்கி, சில வருஷத்தில் தண்டு ஆட ஆரம்பித்தது. அப்புறம் கீலிலேயே கொஞ்சம் பக்கவாட்டு 'ஆட்டம்' விட்டார்கள். முடக்குவாதக்காரர்களின் 78 முழங்கைகளை வைத்து 1998-ல் மேயோவிலிருந்து வந்த கணக்கில், பத்து வருஷம் தாண்டியும் நிலைக்கும் வீதம் சுமார் 92 சதவிகிதம்!

நமக்கு பி.காம். புத்தி. சொத்து என்றால் தேய்மானம் உண்டே? உண்டு. கீலுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் புஷ் தேயும். தண்டு தளரும். கிருமி புகுந்தால் கழற்ற வேண்டிய நிலைகூட வரும். முட்டியைவிட முழங்கையில் அந்தத் தொல்லை அதிகம். மேலே தோல்தானே போர்வை!

அதனால் ஆயுள் தண்டனை: ஒரு தடவை தூக்க 5 கிலோ, திரும்பத் திரும்பத் தூக்க 1 கிலோ. தண்ணீர்க் குடமே 15 கிலோ வருமே!

பைக்கிலிருந்து விழுந்து முழங்கையை நொறுக்கிக்கொண்ட என் நண்பன், வயசு 29, "எனக்கும் மாத்திடுங்க டாக்டர்" என்றான்.

"ஜிம்முக்குப் போவீங்களா?"

"தினமும் சார்!"

"அப்ப கிடையாது."

பிளேட், ஸ்க்ரூவோடு அனுப்பிவிட்டார். அடிபட்ட இளவட்டங்களின் கையில் இந்தக் கீல் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறதாம். மூட்டு நொறுங்கிய பெரியவர்களுக்கென்றால் யோசிப்பார்கள்.

போன மாசம் அத்தைக்கு வருடாந்திர எக்ஸ்ரே. சிமென்ட் ஓரமாக மெல்லிசாய் ஒரு கறுப்புக் கோடு.

"என்னம்மா தூக்கினீங்க?"

அத்தை மௌனம். மாமாதான் போட்டுக் கொடுத்தார்: "பேத்தியை, டாக்டர். 9 கிலோ."

அது வெறும் கோடா, தளர்ச்சியா என்பது அடுத்த எக்ஸ்ரேயில் அது வளர்ந்திருக்கிறதா என்று பார்த்தால்தான் புரியும்.

நேற்றுப் போயிருந்தேன். அத்தை பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். குழந்தை தவழ்ந்து வந்து கையை நீட்டியது.

"பாட்டி தூக்கமாட்டேண்டி. நீயே ஏறிக்கோ" என்றாள், வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டு.