படிப்பு முடிந்த பிறகும் மாணவர் சலுகையா?

சித்தியவான்: பட்டமளிப்பு விழா முடிந்துவிட்டது. வேலையும் கிடைத்துவிட்டது. ஆனால், பணப்பையில் உள்ள மாணவர் அட்டை காலாவதியாக இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. திரையரங்கிலோ பேருந்து முகப்பிலோ அதைக் காட்டி கழிவு விலை பெறலாமா?

சித்தியவான், ஆயர் தாவார், ஸ்ரீ மஞ்சோங் வட்டாரங்களைச் சேர்ந்த தமிழ் இளையோர் பலருக்கு இது பழக்கமான கேள்விதான். ஸ்ரீ இஸ்கண்டாரில் உள்ள பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கம்பாரில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம், ஈப்போவில் உள்ள உங்கு ஒமார் போலிடெக்னிக் போன்ற இடங்களில் படித்து முடித்து ஊர் திரும்புவோர், அட்டையையும் கல்லூரி மின்னஞ்சலையும் உடனே கைவிடுவதில்லை. சிறிய விஷயம்தானே என்று தோன்றினாலும், இதில் யோசிக்க வேண்டியவை சில உள்ளன.

அட்டையா, தகுதியா?

மாணவர் கழிவு என்பது அட்டைக்குக் கொடுக்கப்படுவதல்ல. “இவர் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார், முழுநேரச் சம்பளம் இல்லாதவர்” என்ற நிலைக்குக் கொடுக்கப்படுவது. அட்டை அதற்கான அடையாளம் மட்டுமே. படிப்பு முடிந்தவர் அதை நீட்டும்போது, வாய் திறக்காமலேயே “நான் மாணவர்” என்று சொல்கிறார். அது உண்மையா என்பதுதான் கேள்வி; அட்டையில் அச்சிட்ட தேதி என்ன என்பதல்ல.

தண்டனைச் சட்டத் தொகுப்பின் 415ஆவது பிரிவு ‘ஏமாற்றுதல்’ என்றால் என்ன என்று வரையறுக்கிறது. ஒருவரைப் பொய்யாக நம்பவைத்து அவரிடமிருந்து ஒன்றைப் பெறுவதே அதன் சாரம். ஒரு சினிமா டிக்கெட்டுக்காக நீதிமன்றம் வரை போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், பொய் சிறியது என்பதால் அது உண்மையாகிவிடாது.

எவை தவறல்ல?

எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்தவும் கூடாது. படிக்கும் காலத்தில் மாணவர் விலைக்கு வாங்கிய மடிக்கணினியைப் பட்டம் பெற்ற பிறகும் பயன்படுத்துவதில் தவறில்லை. வாங்கிய நாளில் அவர் மாணவர். பேரம் அன்றே முடிந்துவிட்டது.

கடைசித் தேர்வுக்கும் பட்டமளிப்பு விழாவுக்கும் இடையே பல மாதங்கள் போய்விடுவதுண்டு. அந்த இடைக்காலத்தில் நிலைமை தெளிவாக இருக்காது. முகப்பில் இருப்பவரிடம், “படிப்பு முடிந்துவிட்டது, விழா இன்னும் நடக்கவில்லை, கழிவு கிடைக்குமா?” என்று கேட்டுவிடுவதே நேர்வழி. அவர் சரி என்றால் அது அவர் கொடுத்த சலுகை.

சில நிறுவனங்கள் விதியைத் தெளிவாகவே எழுதி வைத்துள்ளன. ஸ்போட்டிஃபை மாணவர் திட்டம் அதிகபட்சம் நான்கு ஆண்டுகளுக்குத்தான். 12 மாதங்களுக்கு ஒருமுறை மாணவர் என்று மீண்டும் உறுதிப்படுத்த வேண்டும். பொறியியல் மாணவர்களுக்குத் தெரிந்த ஆட்டோகேட் மென்பொருளை ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறது. ஆனால், அது கல்விக்கு மட்டும். மாணவர் உரிமத்தில் வீட்டு வரைபடம் வரைந்து பணம் வாங்கினால் அது விதிமீறல். வரைபவர் இன்னும் மாணவராக இருந்தாலும் கூட.

‘பெரிய நிறுவனத்துக்கு என்ன நஷ்டம்?’

இதுதான் அடிக்கடி கேட்கும் வாதம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. மாணவர் கழிவு தர்மம் அல்ல, வியாபார உத்தி. இன்று குறைந்த விலைக்குப் பழகும் மாணவர் நாளை முழு விலை கொடுக்கும் வாடிக்கையாளர் ஆவார் என்பதே கணக்கு. பாட்டுச் செயலியில் கூடுதலாக ஒருவர் இருப்பதால் நிறுவனத்துக்குப் பெரிய செலவும் இல்லை.

ஆனால், கழிவு கொடுப்பவர்கள் எல்லாரும் பெரிய நிறுவனங்கள் அல்லர். மாணவர்களுக்கு நகல் எடுப்பதில் சில காசு குறைக்கும் கடைக்காரரும், சாப்பாட்டில் ஒரு ரிங்கிட் குறைக்கும் உணவகக்காரரும் தங்கள் லாபத்திலிருந்தே கொடுக்கிறார்கள். பொதுப் போக்குவரத்துச் சலுகையில் பொதுமக்களின் வரிப்பணமும் இருக்கிறது.

புத்தக வவுச்சர் காட்டிய வழி

நம் நாட்டிலேயே இதற்கு நெருங்கிய உதாரணம் உண்டு. 2012இல் உயர்கல்வி மாணவர்களுக்கு 200 ரிங்கிட் மதிப்புள்ள ஒரே மலேசியா புத்தக வவுச்சர் வழங்கப்பட்டது. 2013இல் அது 250 ரிங்கிட்டாக உயர்ந்தது. நோக்கம் புத்தகம் வாங்குவது. சிலர் அதைக் குறைந்த விலைக்கு விற்றுக் காசாக்கினார்கள். அது செய்தியாகி, எச்சரிக்கைகளும் வந்தன. பின்னர் காகித வவுச்சர் போய், மாணவர் பெயரிலான டெபிட் அட்டை வந்தது.

சலுகை தவறான கைக்குப் போகும்போது கட்டுப்பாடு இறுகுகிறது. அந்த இறுக்கத்தில் முதலில் சிக்குபவர் தவறு செய்தவர் அல்லர். பெரிய பல்கலைக்கழக மாணவருக்குக் கல்லூரி மின்னஞ்சல் இருக்கிறது. சரிபார்ப்பு முறையில் அவருடைய கல்விக்கூடத்தின் பெயரும் இருக்கிறது. ஆறாம் படிவம் படிப்பவருக்கும், சிறிய தனியார் கல்லூரியில் சான்றிதழ் படிப்பு படிப்பவருக்கும், தொழில்திறன் பயிற்சி பெறுபவருக்கும் அவை இல்லாமல் போகலாம். தோட்டப்புறத்திலிருந்து வந்த பிள்ளைகளில் பலர் இந்த வழிகளில்தான் படிக்கிறார்கள். பட்டதாரி ஒருவர் மிச்சப்படுத்தும் சில ரிங்கிட்டின் விலையை இவர்கள் கொடுக்க நேர்கிறது.

சம்பளம் போதாதே!

இந்தக் குரலையும் ஒதுக்கிவிட முடியாது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதை ஒட்டிய சம்பளத்தில் வாழ்க்கையைத் தொடங்கி, வாடகையும் பிடிபிடிஎன் கடனும் கட்டும் இளையோருக்கு ஒவ்வொரு ரிங்கிட்டும் முக்கியம். ஆனால், அதற்கு நேர்மையான வழிகள் உள்ளன.

கோலாலம்பூருக்கு வேலைக்குச் செல்வோர், 50 ரிங்கிட்டுக்கு 30 நாள் ரேபிட் கேஎல் சேவைகளில் பயணிக்கும் மை50 அட்டையைப் பெறலாம். அது மாணவர்களுக்கு மட்டும் அல்ல, மலேசியக் குடிமக்களுக்கானது. எழுத்து வேலைக்கு லிப்ரே ஆபிஸ், படங்களைத் திருத்த கிம்ப், வரைபடங்களுக்கு ஃபிரீகேட் ஆகியவை யாருக்கும் இலவசம். அவற்றைக் கொண்டு சம்பாதிக்கவும் தடையில்லை. ஒரே வீட்டில் இருப்பவர்கள் குடும்பத் திட்டத்தில் சேர்ந்தால் பாட்டுச் செயலியின் கட்டணமும் குறையும்.

சந்தேகம் வந்தால் ஒரு கேள்வி போதும்: “நான் படித்து முடித்துவிட்டேன் என்று முகப்பில் இருப்பவருக்குத் தெரிந்தால், இந்த விலைக்குத் தருவாரா?” தருவார் என்றால் தாராளமாக வாங்கலாம். தரமாட்டார் என்றால், அட்டையை உள்ளே வைத்துவிட்டு முழுக் கட்டணத்தைக் கொடுப்பதே முறை. அந்தக் கழிவு அடுத்து வரிசையில் நிற்கும் மாணவருக்கு உரியது.