வல்லாரை, நீர்ப்பிரமி: நினைவாற்றல் கூடுமா? பறிக்கும் இடத்தைப் பாருங்கள்

தேர்வு நேரம் வந்தால் பிள்ளைகளுக்கு வல்லாரை கொடுக்கச் சொல்வது நம் வழக்கம். கும்மிடிப்பூண்டி பக்கம் வாய்க்கால் ஓரத்திலும் வரப்பிலும் இது தானாக வளரும். பறித்துச் சமைக்கும் முன்பும், பொடியாக்கி விற்கும் முன்பும் சில விவரங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

இவை இரண்டும் வேறு வேறு செடிகள். வட்ட இலை கொண்டது வல்லாரை. சிறிய தடித்த இலை கொண்டது நீர்ப்பிரமி. இதிலுள்ள முக்கியப் பொருள் பேக்கோசைடு. ஆஸ்திரேலியாவில் 46 பேரிடம் நடந்த சோதனை 2001-ல் வெளியானது. தினமும் 300 மில்லிகிராம் நீர்ப்பிரமிச் சாறு எடுத்தவர்களுக்குக் கற்கும் வேகம் கூடியது. 12 வாரம் கழித்தே முழுப் பலன் தெரிந்தது. வல்லாரை பற்றிய 11 சோதனைகளை 2017-ல் தொகுத்துப் பார்த்தபோது, நினைவாற்றல் கூடியதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆனாலும் நல்ல கீரைதான்.

யாருக்கு எச்சரிக்கை?

நீர்ப்பிரமி சிலருக்கு வயிற்று வலி, குமட்டல், அடிக்கடி மலம் கழித்தல் தரும். வல்லாரை மாத்திரை தொடர்ந்து எடுத்த 3 பெண்களுக்கு மஞ்சள் காமாலை வந்ததாக 2005-ல் பதிவாகியுள்ளது, நிறுத்தியபின் குணமானார்கள். கர்ப்பிணிகள், கல்லீரல் நோயாளிகள், வலிப்பு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

பெரிய ஆபத்து மண்ணில் உள்ளது

இந்த இரண்டு செடிகளும் ஈரமண்ணிலுள்ள காரீயம், காட்மியம் போன்றவற்றை உறிஞ்சிச் சேர்த்து வைக்கும். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூளைக்கு நல்லது என்று கொடுப்பதே மூளைக்குக் கேடாகிவிடக் கூடாது.

கழுவினால் மேலுள்ள தூசி போகும். செடிக்குள் ஏறியது போகாது. உலர்த்தினால் தண்ணீர் மட்டுமே வற்றும். அதனால் பொடியில் உலோகத்தின் அளவு கூடும்.

செய்ய வேண்டியவை

• சிப்காட் கழிவுநீர் கலக்கும் வாய்க்கால், உலோகம் உருக்கும் ஆலை, பழைய பேட்டரி உடைக்கும் இடம், நெடுஞ்சாலை ஓரம் ஆகியவற்றில் பறிக்காதீர்கள்.
• வீட்டில் தொட்டியில் நல்ல மண் நிரப்பி, வேர்விட்ட ஓடுதண்டை நட்டு, பாதி நிழலில் வையுங்கள். மண் காயாமல் நல்ல நீர் ஊற்றுங்கள்.
• விற்பனைக்குப் பயிரிட்டால் மண், நீர், இலை மூன்றையும் உலோகங்களுக்குச் சோதியுங்கள். மண்வள அட்டையில் உள்ள 12 அளவுகளில் காரீயம் கிடையாது. தனியாகக் கேட்க வேண்டும். உலர்ந்த மூலிகையில் காரீயம் கிலோவுக்கு 10 மில்லிகிராம், காட்மியம் 0.3 மில்லிகிராம் தாண்டக் கூடாது.

எங்கே சோதிப்பது என்று திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். பெரியவர்களுக்கு மறதி கூடினால் கீரையை மட்டும் நம்பி இருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.