இரண்டு செல்வராஜ், ஒரே வீட்டு எண்

பெங்களூர் ஜீவனஹள்ளியில் காக்ஸ் டவுன் பக்கமிருந்து எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் தமிழ் காதில் விழும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கமும் இங்கே விட்டுப்போகவில்லை. தாத்தா செல்வராஜ், பேரனும் செல்வராஜ், வீட்டு எண் ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். பேரனுக்குப் பதினெட்டு நிறைந்ததும் வாக்காளர் பட்டியலில் இருவரும் ஒரே பக்கத்தில் வந்துவிடுவார்கள். கம்ப்யூட்டர் இதை ஓர் ஆளின் இரட்டைப் பதிவு என்று கொள்ளுமா, இரண்டு ஆள் என்று கொள்ளுமா?

அடுத்த வீட்டில் இதற்கு நேர் எதிர். ஒரு பெண்மணி கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியலோடு பதிவானவர். பிறகு கணவரின் இனிஷியலோடு வேறொரு முகவரியில் மறுபடியும் பதிவாகியிருக்கிறார். இரண்டு பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி விவரம் பொருந்தாது. ஆனால் ஆள் ஒருவர்தான்.

இரட்டைப் பதிவைப் பிடிப்பது பெங்களூரின் மென்பொருள் அலுவலகங்களில் அன்றாட வேலை. வங்கிக் கணக்கு, கூரியர் பார்சல், மருத்துவமனைச் சீட்டு என்று எதை எடுத்தாலும் அது வரும். வாக்காளர் பட்டியலை நான் எடுத்துக்கொள்ளக் காரணம், அங்கே இது சட்டமாகவே இருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 17-ஆம் பிரிவில் ஒருவர் பெயர் இரண்டு தொகுதிகளில் இருக்கக்கூடாது என்கிறது. 18-ஆம் பிரிவில் ஒரே தொகுதியில் இரண்டு தடவை இருக்கக்கூடாது என்கிறது.

சரி, புரோகிராமுக்குள் போவோம். சி ஷார்ப், ஜாவா, பைத்தான் என எந்த மொழியிலும் நமக்கு வேண்டிய வகையை நாமே வகுத்துக்கொள்ளலாம். 'வாக்காளர்' என்று ஒரு கிளாஸ். அதற்குள் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, வீட்டு எண், அட்டை எண். இந்த வகை மட்டுமே நுழையக்கூடிய ஒரு தொகுப்பையும் உருவாக்கலாம். புதிதாக ஒருவரைச் சேர்க்குமுன், 'இவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறாரா?' என்று தொகுப்பைக் கேட்கிறோம். சி ஷார்ப்பில் அந்தக் கேள்விக்குப் பெயர் 'கன்டெய்ன்ஸ்'.

வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் தடுக்கி விழுகிற முதல் இடம் இதுதான். ஒரே பெயர், ஒரே தேதி, ஒரே வீட்டு எண் போட்டு அந்த கிளாஸில் இரண்டு ஆப்ஜெக்ட், அதாவது இரண்டு பதிவு, செய்து, ஒன்றை உள்ளே போட்டுவிட்டு மற்றதைக் காட்டிக் கேட்டால், 'இல்லை' என்று பதில் வரும். மெஷின் பொய் சொல்லவில்லை. நாமாக எதுவும் சொல்லிவைக்காத வரை, இரண்டு ஆப்ஜெக்ட்டும் நினைவகத்தில் ஒரே இடத்தில் இருப்பவையா என்று மட்டுமே அது பார்க்கும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அதற்கு ஒரு பொருட்டில்லை. ஆகவே கண்ணுக்கு முன் நகல் நகலாகக் குவிந்தாலும் தொகுப்பு வாய் திறக்காது.

அதனால் 'ஈக்வல்ஸ்' என்கிற விதியை நாமே எழுத வேண்டியிருக்கிறது. எதெது பொருந்தினால் இரண்டும் ஒன்று? பெயரும் வீட்டு எண்ணும் போதும் என்று எழுதினால் தாத்தாவும் பேரனும் ஒருவராகிவிடுவார்கள். ஒருவர் ஓட்டு போய்விடும். பிறந்த தேதியைச் சேர்த்தால் அவர்கள் தப்பிப்பார்கள். பெயரை விட்டுவிட்டுத் தந்தை பெயர், தேதி, முகவரி என்று எழுதினால் இரட்டைப் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள். இந்த நாலைந்து வரியை எழுத ஐந்து நிமிஷம் போதும். எழுதுமுன் அந்தத் தெருவைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் நேரம் பிடிக்கும். புரோகிராமர்கள் பலர் அந்த நேரத்தைச் செலவிடுவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

விதி கிடைத்தாயிற்று, இனி வேகம். ஒரு வாக்குச்சாவடிக்கு 1,200 வாக்காளர் என்று தேர்தல் ஆணையம் 2025-இல் வரம்பு வைத்தது. 1,200 பேரில் ஒவ்வொருவரையும் மற்ற எல்லாரோடும் ஒப்பிட்டால் 7,19,400 ஒப்பீடு. இன்றைய கம்ப்யூட்டருக்கு அது கண் சிமிட்டும் நேரம். பெயர்கள் ஒரு கோடி என்றால் ஒப்பீடுகள் ஏறக்குறைய 50 லட்சம் கோடி. விநாடிக்குப் பத்து லட்சம் வீதம் பார்த்தாலும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஓடும். அதற்குள் அடுத்த திருத்தப் பட்டியல் வந்துவிடும்.

இந்தச் சிக்கலுக்கு வழி சொன்னவர்களில் முதல்வராகக் கருதப்படுபவர் ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன். 1953 ஜனவரியில் எழுதிய உள்சுற்றுக் குறிப்பு ஒன்றில் அவர் அதை விவரித்தார். கிரெடிட் கார்டு எண்ணின் கடைசி இலக்கத்தைச் சரிபார்க்கும் கணக்கும் இதே லூனுடையதுதான். யோசனை எளிது. ஒவ்வொரு பதிவையும் ஒரு கணக்கில் போட்டு ஓர் எண்ணாக்கு. அந்த எண் எந்த அறையைக் காட்டுகிறதோ அதில் போடு. தபால் பிரிக்கிறவர் பின்கோடைப் பார்த்துக் கடிதத்தை அதற்குரிய தட்டில் போடுகிற மாதிரி. புதிதாக ஒருவர் வந்தால் அவருக்குரிய தட்டில் கிடக்கும் ஓரிருவரோடு ஒப்பிட்டால் போதும். 50 லட்சம் கோடி, சில கோடியாகச் சுருங்கிவிடும். இந்த எண்ணைத்தான் 'ஹாஷ்' என்கிறோம். சி ஷார்ப்பில் இதைத் தருகிற விதிக்கு 'கெட்ஹாஷ்கோட்' என்று பெயர். இப்படி வேலை செய்யும் 'ஹாஷ்செட்' என்கிற தொகுப்பு, சேர்க்கப் போகும்போதே ஏற்கெனவே இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடும்.

ஒரு நிபந்தனை: 'ஈக்வல்ஸ்' ஒன்றென்று சொல்கிற இருவருக்கும் ஹாஷ் எண் ஒன்றாகவே வரவேண்டும். இல்லாவிட்டால் நகல் வேறு தட்டுக்குப் போய்விடும், யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். முதல் விதியை மாற்றி இரண்டாவதை மறந்தால் சி ஷார்ப் கம்பைலர் எச்சரிக்கும். பைத்தான் இன்னும் கண்டிப்பு. அந்த ஆப்ஜெக்ட்டை 'செட்'டுக்குள் விடவே விடாது. ஜாவா வழக்கமாகச் சும்மா இருந்துவிடும், பிழை ஆறு மாதம் கழித்துத் தலை காட்டும்.

மறுபக்கமும் உண்டு. ஹாஷ் ஒன்றாக இருப்பதால் ஆள் ஒன்றாகிவிட மாட்டார். சி ஷார்ப்பிலும் ஜாவாவிலும் இந்த எண்ணுக்கு 32 பிட் இடம், அதாவது சுமார் 429 கோடி எண்கள். அவ்வளவு இருந்தும் வெறும் 77,000 பதிவு சேர்ந்ததுமே யாராவது இருவருக்கு ஒரே எண் விழ ஐம்பது சதவீத வாய்ப்பு வந்துவிடுகிறது. 23 பேர் கூடினால் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக அமையப் பாதி வாய்ப்பு உண்டு என்கிற அதே கணக்கு. ஆகவே தட்டைக் கண்டுபிடிக்க ஹாஷ், தீர்ப்புச் சொல்ல ஈக்வல்ஸ்.

பழகியவர்களையும் கவிழ்க்கிற பிழை ஒன்று இங்கே ஒளிந்திருக்கிறது. ஹாஷ் கணக்கில் வீட்டு எண்ணையும் சேர்த்துவிட்டோம் என்று வையுங்கள். வாக்காளர் குடிமாறி, படிவம் 8 கொடுத்து முகவரியைத் திருத்துகிறார். புரோகிராம் அந்த ஆப்ஜெக்ட்டின் வீட்டு எண்ணை உள்ளேயே மாற்றிவிடுகிறது. ஆப்ஜெக்ட் கிடப்பது பழைய தட்டில். புது முகவரியின் ஹாஷ் காட்டுவது வேறு தட்டை. இப்போது 'இவர் இருக்கிறாரா?' என்று கேட்டால் 'இல்லை'. 'இவரை நீக்கு' என்றால் நீக்க ஆளில்லை. 'சேர்' என்றால் சேர்த்துக்கொள்ளும். இரட்டைப் பதிவைத் தடுக்க வைத்த தொகுப்பே இரட்டைப் பதிவைப் பெற்றுப்போடுகிறது! மாறக்கூடிய விவரம் எதையும் ஹாஷில் சேர்க்காதே என்று இதனால்தான் சொல்கிறார்கள். இனிஷியல் மாறும், முகவரி மாறும், பெயரின் எழுத்துக்கூட்டலும் மாறும்.

மாறாத அட்டை எண் ஒன்றைக் கொடுத்துவிட்டால் தொல்லை தீருமே என்று தோன்றும். வாக்காளர் அடையாள அட்டையில் மூன்று ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட எண் இருக்கிறது. ஆனால் வெவ்வேறு மாநிலங்களில் வெவ்வேறு ஆட்களிடம் அதே எண் இருப்பது 2025-இல் பெரிய சர்ச்சையானது. மார்ச் மாதம் தேர்தல் ஆணையமே விளக்கம் கொடுத்தது: எல்லா மாநிலப் பட்டியலும் ஒரே தளத்துக்கு வருவதற்கு முன், சில மாநில அலுவலகங்கள் ஒரே எழுத்து வரிசையைத் தனித்தனியே பயன்படுத்திவிட்டன, எண் ஒன்றாக இருந்தாலும் ஆட்கள் வேறு, தொகுதி வேறு. மூன்று மாதத்தில் தனித்தனி எண் கொடுத்துவிடுவதாகவும் சொன்னது. அதற்கு முன் அட்டை எண்ணை மட்டும் நம்பி ஈக்வல்ஸ் எழுதியிருந்தவருக்கு, சம்பந்தமில்லாத இரண்டு மாநிலத்துக்காரர்கள் ஓர் ஆளாகத் தெரிந்திருப்பார்கள்.

பெயரை ஒப்பிடுவதில் நம் எழுத்தால் வருகிற ஒரு வம்பு. 'கோமதி' என்று அடித்தால் அதிலுள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறியும் காலும் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இம்மி வித்தியாசம் தெரியாது. குறியீடு குறியீடாக ஒப்பிடுகிற புரோகிராமுக்கோ அவர்கள் இரண்டு கோமதி. கர்நாடகத்துப் பட்டியல் இருக்கும் கன்னடத்திலும் இப்படிப் பிரியக்கூடிய உயிர்க்குறிகள் உண்டு. ஒப்பிடுமுன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர யூனிகோடே முறை வகுத்திருக்கிறது, 'என்எஃப்சி' என்பார்கள். 'சௌந்தரி'யில் வருவது அதைவிடக் கெட்டிக்கார ஆள். ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் 'ள' என்கிற தனி எழுத்துமாகச் சேர்த்து 'செளந்தரி' என்று அடிப்பவர்கள் ஏராளம். அது யூனிகோட் கணக்கில் வேறு சொல்லே, என்எஃப்சி அதைத் தொடாது. அதற்குத் தனியாக ஒரு வரி எழுத வேண்டும், அதை எழுதத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும்.

எழுத்துக்கூட்டல் பிழைகளையும் பிடிக்க வேண்டுமென்றால் 'ஏறக்குறைய ஒன்று' என்கிற இடத்துக்கு வந்து நிற்கிறோம். சோவியத் கணித அறிஞர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965-இல் ஓர் அளவை தந்தார்: ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும்? ஓர் எழுத்து வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று விதி வைத்தால் 'மாரி'யும் 'மாரியா'வும் ஒன்று. 'மாரியா'வும் 'மரியா'வும் ஒன்று. மாரியம்மன் கோவிலும் மாதா கோவிலும் அருகருகே இருக்கிற வட்டாரத்தில் மாரியும் மரியாவும் ஒருவராகிவிடுவார்களா? ஈக்வல்ஸ் விதிக்கு, முதலும் இரண்டும் ஒன்று, இரண்டும் மூன்றும் ஒன்று என்றால் முதலும் மூன்றும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஏறக்குறைய ஒப்பீடு இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாது. ஆகவே அதை ஈக்வல்ஸுக்குள் வைக்கக்கூடாது. வெளியே வைத்து, சந்தேகப் பட்டியல் தயாரிக்க மட்டுமே பயன்படுத்த வேண்டும். தேர்தல் ஆணையத்தின் மென்பொருளும் அப்படித்தான், விவரம் ஒத்த பதிவுகள், புகைப்படம் ஒத்த பதிவுகள் என்று பிரித்துக் கொடுக்கிறது. பிறகு வீட்டு வாசலுக்குப் போய்ப் பார்ப்பவர் வாக்குச்சாவடி நிலை அலுவலர்.

உடம்பையே ஆளை அடையாளம் காட்டும் சாவியாக்கினால்? அதையும் இந்த ஊரில் செய்கிறார்கள். ஆதார் ஆணையத்தின் தரவு மையங்களில் ஒன்று பெங்களூரு ஹெப்பாலில் இருக்கிறது. 2010 செப்டம்பரில் முதல் எண் வழங்கியது முதல், புதிதாகப் பதிகிற பெரியவரின் பத்து விரல், இரண்டு கருவிழி ஆகியவற்றை ஏற்கெனவே உள்ள எல்லாரோடும் ஒப்பிட்ட பிறகே எண் தருகிறார்கள். ரேகை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறிப் பதியும், ஆகவே இதுவும் ஏறக்குறைய ஒப்பீடுதான். 8.4 கோடிப் பேர் சேர்ந்திருந்த கட்டத்தின் கணக்கை ஆணையம் 2012-இல் வெளியிட்டது: புதியவரை நகல் என்று தவறாகச் சொன்னது 0.057 சதவீதம், நகலைத் தவறவிட்டது 0.035 சதவீதம். லட்சம் புதியவர்களில் 57 பேர். நகல் என்று பின்னர் தெரிந்து ரத்தான ஆதார் எண்கள் 2019 நவம்பர் வரை 4.75 லட்சத்துக்கு மேல் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சொல்கிறது.

நகல் என்று உறுதியானபின் எதை வைத்துக்கொள்வது? ஹாஷ்செட் முதலில் வந்ததை வைத்துக்கொண்டு பின்னால் வந்ததைத் தள்ளும். வாக்காளர் பட்டியலில் இந்த வழக்கம் உதவாது. 2022 ஆகஸ்டில் படிவங்கள் மாறும் வரை, வேறு தொகுதிக்குக் குடிபோனவர் புது வாக்காளரைப் போலவே படிவம் 6 கொடுத்தாக வேண்டியிருந்தது. பழைய தொகுதியில் பெயர் அப்படியே தங்கிப்போன கதைகள் அதனால்தான் அவ்வளவு. சென்னை வியாசர்பாடியிலிருந்து ஜீவனஹள்ளிக்கு வந்தவருக்கு இங்கே இருக்கிற இரண்டாவது பதிவுதான் செல்ல வேண்டியது, முதலாவது நீங்க வேண்டியது. ஆகவே இந்த வேலைக்கு ஹாஷ்செட்டை விட்டுவிட்டு, சாவிக்கு எதிரே பதிவை வைக்கும் 'டிக்ஷனரி'யை எடுக்கலாம்: அதே சாவியோடு இன்னொருவர் வந்தால் இரண்டு பதிவின் தேதியையும் பார், பிந்தியதை வை, முந்தியதை அழித்துவிடாமல் அலுவலர் பார்வைக்குத் தனி லிஸ்ட்டில் போடு.