பாக்கெட்டில் 300 கிராம்... தராசில் 249 கிராம்!

மளிகைக் கடையில் பருப்பு நிறுக்கும்போது தராசையே உற்றுப் பார்ப்போம். பிஸ்கட் பாக்கெட்டை மட்டும், அச்சடித்த எடையை நம்பிக் கூடையில் போட்டுவிடுவோம். கேரள மாநிலம் திருச்சூரைச் சேர்ந்த ஒருவர் அப்படி விட்டுவிடவில்லை.

2019 டிசம்பரில், பேக்கரி ஒன்றில் தலா 40 ரூபாய்க்கு இரண்டு பிரிட்டானியா ஆரோரூட் பிஸ்கட் பாக்கெட்டுகளை வாங்கினார். உறையில் 300 கிராம் என்றிருந்தது. எடை போட்டால் ஒன்று 268 கிராம். மற்றொன்று 249 கிராம். எடையளவுத் துறை அதிகாரியின் சோதனையும் அதை உறுதிசெய்தது.

2024 மே மாதம் திருச்சூர் நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. இழப்பீடாக 50,000 ரூபாய், வழக்குச் செலவுக்கு 10,000 ரூபாய். மாநிலம் முழுக்க பாக்கெட் பொருள்களின் எடையைச் சோதிக்கவும் உத்தரவிட்டது.

இதற்கு முந்தைய ஆண்டு, நம் திருவள்ளூரிலும் ஒரு தீர்ப்பு. 16 பிஸ்கட் என்று அச்சிட்ட சன்ஃபீஸ்ட் மேரி லைட் பாக்கெட்டில் 15 தான் இருந்தது. 'எடைக் கணக்கில்தான் விற்கிறோம்' என்ற ஐடிசி நிறுவனத்தின் வாதம் எடுபடவில்லை. 1 லட்சம் ரூபாய் இழப்பீடு தர நுகர்வோர் ஆணையம் உத்தரவிட்டது.

எவ்வளவு குறையலாம்?

இயந்திரம் நிரப்பும்போது சிறு வித்தியாசம் வரும் என்பதைச் சட்டமே ஏற்கிறது. 2011-ஆம் ஆண்டின் பாக்கெட் பொருள் விதிகளின்படி, 300 கிராம் பாக்கெட்டில் 9 கிராம் வரை வித்தியாசம் இருக்கலாம். திருச்சூர் பாக்கெட்டில் குறைந்ததோ 51 கிராம். 40 ரூபாயில் ஏறக்குறைய 7 ரூபாய்! ஒருவருக்கு இது சில்லறைக் காசு. ஆயிரக்கணக்கான பாக்கெட்டுகளில் நடந்தால்?

சந்தேகம் வந்தால்...

* பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

* உறையில் இருப்பது நிகர எடை; அதில் உறையின் எடை சேராது. எனவே, பிரிக்காத பாக்கெட்டே குறைவாக நின்றால், உள்ளே இருப்பது இன்னும் குறைவு.

* தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைச் செயல்படுத்துவது தொழிலாளர் துறை. அங்கே புகார் தரலாம். தேசிய நுகர்வோர் உதவி எண்: 1915.

* இழப்பீடு வேண்டுமென்றால், 2 ஆண்டுகளுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை.

40 ரூபாய் பிஸ்கட்டுக்கும் சட்டம் துணை நிற்கும். அதற்கு முதல் சாட்சி, கடையில் வாங்கிய அந்த பில்தான்!