திறந்து பார்த்த லிப்ஸ்டிக் யார் கணக்கில்?

நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் இடைப்பட்ட பத்து வாரத்தில் என் தம்பியின் கடையில் 31 லிப்ஸ்டிக்குகள் கெட்டுப்போயின. காலாவதியாகிக் கெட்டவையல்ல. வாடிக்கையாளர்கள் பெட்டியைத் திறந்து, சுழற்றி, கையில் கோடிழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போனவை. காத்தான்குடியில் சிறிய பென்ஸி கடை அவனுடையது. ஒன்றின் கொள்விலை 480 ரூபா. மொத்தம் 14,880 ரூபா.

"திறந்து பார்க்க வேண்டாம்" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினான். திறப்பது நின்றது. அதோடு வாங்குவதும் பாதியாகக் குறைந்தது. பிறகுதான் எனக்குத் தொலைபேசி எடுத்தான்.

"ராத்தா, கொழும்புக் கடைகள்ல இத எப்படிச் செய்றாங்க எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."

அப்போது அவன் சொல்லாமல் விட்ட ஒரு விடயம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஐம்பதைத் தாண்டிய வயதில் அழகுசாதனக் கருமபீடங்களில் ஏறி இறங்கியது எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது. முதலில் போனது கொழும்பிலுள்ள ஒரு பெரிய விற்பனைத் தொகுதி. அங்கே ஒவ்வொரு நிறத்திலும் ஒரு லிப்ஸ்டிக் மூடி கழற்றி, அடியில் "டெஸ்டர், விற்பனைக்கல்ல" என்ற ஒட்டியோடு வரிசையாக நின்றது. விற்பனைப் பிள்ளை எதையும் நேரே என் உதட்டில் வைக்கவில்லை. அல்கஹோல் தெளித்து, டிஷ்யூவால் மேற்பகுதியைத் துடைத்து, பஞ்சுக் குச்சியால் சிறிது எடுத்து என் கையில் பூசினாள். குச்சி உடனே குப்பைக்குப் போனது. கால் மணித்தியாலத்தில் என் புறங்கையில் ஏழு கோடுகள்.

பவுண்டேஷன் கேட்டபோது அவள் கையில் பூச மறுத்துவிட்டாள். கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு என்றாள். தாடை ஓரத்தில், கழுத்தோடு முகம் சேரும் இடத்தில் மூன்று நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பூச வேண்டுமாம். எது கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறதோ அதுதான் நமக்கானது. அதையும் உடனே முடிவுசெய்யக் கூடாது. சில வகைகள் காற்றும் சருமத்தின் எண்ணெயும் பட்டுச் சற்று நேரத்தில் கருமை ஏறும். கடைக்குள் மஞ்சள் வெளிச்சம் வேறு நம்மை ஏமாற்றும். "பத்து நிமிஷம் வெளியே நடந்திட்டு, வெயில்ல கண்ணாடி பார்த்திட்டு வாங்க" என்றாள். வாங்காமலே போய்விடக்கூடிய ஒருத்தியை வெளியே அனுப்பும் துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது. நான் திரும்பி வந்து வாங்கினேன்.

ஆனால் நான் முகம் மூடுபவளல்ல. தலையை மட்டும் மறைப்பவள். தாடை ஓரத்தைக் காட்டவே சால்வையைத் தளர்த்தி, சுற்றுமுற்றும் பார்க்க வேண்டியிருந்தது. முகம் மூடும் சகோதரிக்கு அந்தக் கருமபீடத்தில் இடமே இல்லை.

அடுத்து புறக்கோட்டை. அங்கே டெஸ்டர்கள் இருந்தன, இல்லாமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூடியில்லாத லிப்ஸ்டிக் வெப்பத்தில் வளைந்து, அதில் ஒரு தலைமுடி ஒட்டிக்கொண்டிருந்தது. மஸ்காரா டெஸ்டரில் ஒரே தூரிகை. எத்தனை பேரின் கண்ணுக்குப் போய் மீண்டும் குழாய்க்குள் இறங்கியதோ தெரியாது. கண்ணோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றவும், உதட்டில் கொப்புளம் போடும் ஹெர்ப்பிஸ் வைரசு பரவவும் இது வசதியான வழி. பிரித்தானியாவின் அஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாவனையாளர்களிடமிருந்து பெற்ற 467 பொருட்களைப் பரிசோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றில் இ.கோலை உள்ளிட்ட பக்டீரியாக்கள் இருந்தன. அவை வீட்டில் ஒருவர் பாவித்த பொருட்கள். கடையில் ஊரே தொடும் பொருளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2020இல் கொவிட் வந்தபோது உலகின் பெரிய கடைகள் பல டெஸ்டர்களை எடுத்து வைத்ததும் இந்தப் பயத்தால்தான்.

அதே கடையில் நிகாப் அணிந்த ஓர் இளம் பெண் நின்றாள். கருமபீடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண் பிள்ளைகள். எதையும் பூசிப் பார்க்காமல் ஒரே பவுண்டேஷனில் மூன்று நிறங்களை எடுத்தாள். ஏன் மூன்று என்று கேட்டேன்.

"ஒண்டாவது சரிவரும்தானே மாமி."

மற்ற இரண்டின் காசு? 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய பின்னர் இறக்குமதிப் பூச்சுப் பொருட்களின் விலை எங்கே போனது என்பது எல்லோருக்கும் தெரியும். கடைக்காரர் டெஸ்டர் வைக்காமல் மிச்சம் பிடித்ததாக நினைக்கிறார். உண்மையில் அந்த நட்டத்தை அந்தப் பிள்ளையின் கைப்பையில் போட்டிருக்கிறார். நமது சமூகத்தின் பென்ஸி கடைகளுக்கு வருபவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். கருமபீடத்தில் நிற்பவர்களோ நானாமாரும் தம்பிமாரும். மூலையில் ஒரு கண்ணாடி, ஒரு திரை, பின்னேரத்தில் மட்டுமாவது ஒரு பெண் ஊழியர். இதற்கு என்ன பெரிய முதல் வேண்டும்?

டெஸ்டர் நமக்குப் புதிதுமல்ல. பழைய அத்தர் கடைகளில் நானா கண்ணாடிக் குச்சியால் ஒரு துளியைப் புறங்கையில் தொட்டு வைப்பார். சில வேளை பஞ்சில் தோய்த்துக் காதுமடலில் செருகியும் விடுவார். வாங்காவிட்டாலும் அந்த மணத்தோடு ஊரெல்லாம் நடப்போம், அதைக் கேட்டு இன்னொருவர் போவார். அந்தத் துளியை எந்த அத்தர் வியாபாரியும் நட்டக் கணக்கில் எழுதியதில்லை.

இரவு தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். டெஸ்டர் வைப்பதென்றால் முதலில் முகவரிடம் கேள், பெரிய நிறுவனங்கள் ஓடருடன் டெஸ்டரையும் சும்மா கொடுப்பதுண்டு என்றேன். கொடுக்காவிட்டால் நிறத்துக்கு ஒன்றை நீயே ஒதுக்கு. திறந்த திகதியை அடியில் எழுது. மஸ்காராவுக்கு டெஸ்டரே வேண்டாம். பெட்டியையும் பக்கத்தில் வை. சிவப்புக்குச் சேர்க்கும் கார்மைன் ஒரு பூச்சியிலிருந்து எடுப்பது, பெட்டியில் சி.ஐ. 75470 என்றிருக்கும். அதைத் தவிர்க்க விரும்புகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகுதான் சொன்னான். சரக்குக் கொண்டுவரும் விற்பனைப் பிரதிநிதி ஒரு யோசனை கொடுத்திருக்கிறான். லிப்ஸ்டிக்கின் நுனியை பிளேட்டால் சீவி, லேசாகச் சூடு காட்டினால் புதிது போலாகும். பெட்டியில் போட்டு ஒட்டி விற்றால் 31க்கும் முழு விலை. எல்லோரும் செய்வதுதானாம். தம்பி நான்கைச் சீவியும் விட்டான்.

"வித்துட்டியா?"

"இல்ல ராத்தா. லாச்சிக்குள்ள கிடக்கு."

தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்கள் நனைந்த சம்பவத்தை அவன் என்னைவிட நன்றாக அறிவான், மத்ரஸாவில் ஓதியவன். ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா, மக்கள் பார்த்திருப்பார்களே என்றுதான் அந்த வியாபாரியிடம் கேட்கப்பட்டது. அதனால் நான் ஹதீஸ் சொல்லவில்லை. கணக்கைத்தான் சொன்னேன். உன்னிடம் 14 நிறம். நிறத்துக்கு ஒரு டெஸ்டர் என்றால் 6,720 ரூபா. இதே பத்து வாரத்துக்கு நீ இழந்ததில் பாதியும் இல்லை. திறந்தவற்றைப் பாதி விலைக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டான். யாருடைய உதட்டில் பட்டதென்று உனக்குத் தெரியுமா என்று திருப்பிக் கேட்டேன். 31ஐயும் குப்பையில் போட்டான். அந்தச் சத்தம் எனக்குத் தொலைபேசியில் கேட்டது.

அடுத்த வாரம் 14 புதிய டெஸ்டர்களை நூலில் கட்டி வரிசையாக வைத்தான். பஞ்சுக் குச்சி டப்பா, தெளிக்கும் போத்தல், கண்ணாடி, திரை. பின்னேரம் நான்கு மணிமுதல் மச்சி கடையில் நிற்கிறாள். முகம் மூடும் பிள்ளைகள் அந்த நேரம் பார்த்து வருகிறார்களாம்.

மூன்றாம் நாள் மீண்டும் தொலைபேசி.

"ராத்தா, 6ஆம் நம்பர் டெஸ்டரக் காணல்ல. நூலையும் சேத்துக் கொண்டு போயிட்டாங்க."

அதை எந்தக் கணக்கில் எழுதினாய் என்று கேட்டேன். விளம்பரச் செலவில் என்றான்.