உங்களுக்குத் தெரியுமா? ஃபிலிம் ரோல் ஸ்பெஷல்!

★ ஃபிலிம் ரோலுக்கும் கடுகுக்கும் சம்பந்தம் உண்டு! ஃபிலிமில் ஒளியை உணர்வது வெள்ளி உப்புத் துகள்கள். அவற்றைப் பிடித்து வைத்திருப்பது மாட்டெலும்பு, தோல் இவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். 1920-களில் சில ஜெலட்டினில் செய்த ஃபிலிம் பளிச்செனப் பதிந்தது. சில மந்தமாக இருந்தது. கோடாக் நிறுவனத்தின் சாமுவேல் ஷெப்பர்ட் காரணத்தைத் தேடிப் போனார். சிக்கியது கடுகெண்ணெயில் இருக்கும் கந்தகச் சேர்மம். மாடு மேய்ந்த செடியிலிருந்து ஜெலட்டினுக்கு வந்து, ஃபிலிமின் ஒளியுணர்வைக் கூட்டியது அதுதான்.

★ நம் நாட்டின் ஃபிலிம் தொழிற்சாலை இயங்கியது ஊட்டியில். மத்திய அரசு 1960-ல் தொடங்கிய ‘ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்’, 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியது. இந்த வேலைக்குத் தூசியே எதிரி. நீலகிரியின் சுத்தமான, குளிர்ந்த காற்று அதற்குத் தோதாக இருந்தது. ஃபிலிம் மீது ரசாயனம் பூசுவதை வெளிச்சத்தில் செய்ய முடியாது என்பதால், இருட்டிலேயே வேலை பார்த்துப் பழகியவர்கள் அந்தத் தொழிலாளர்கள். ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே ஃபிலிம், தியேட்டருக்கு சினிமா ஃபிலிம், ஸ்டூடியோவுக்குக் கறுப்பு வெள்ளை ரோல், பிரிண்ட் போடும் பேப்பர் என எல்லாம் ‘இந்து’ என்ற பெயரில் வந்தன. கலர் ஃபிலிம் பரவியதும் நிறுவனம் தள்ளாடியது. டிஜிட்டல் வந்தபின் எழவே இல்லை. எத்தனையோ குடும்பங்களின் கறுப்பு வெள்ளை ஆல்பங்களுக்குப் பின்னால் இருந்த ஆலை இது. இதற்கு ஒரு நல்ல அருங்காட்சியகமாவது வேண்டும். ஊட்டியில் ‘இந்து நகர்’ என்ற பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது.

★ டார்க் ரூமில் ஏன் சிவப்பு பல்பு? கறுப்பு வெள்ளை பிரிண்ட் பேப்பருக்குச் சிவப்பு ஒளி உறைக்காது. ஃபிலிமுக்கு உறைக்கும், அதனால் ரோலைக் கழுவும் டப்பாவில் ஏற்றும்போது அந்த பல்பும் அணைந்திருக்க வேண்டும்.

★ பட்டனை அழுத்திய கணமே படம் ஃபிலிமில் பதிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாமல். கழுவும்வரை அது காத்திருக்கும். எவ்வளவு காலம்? 1897-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆந்த்ரே, இரு தோழர்களுடன் பலூனில் வடதுருவத்துக்குக் கிளம்பினார். மூன்றாம் நாளே பலூன் பனியில் இறங்கிவிட்டது. பல வாரம் நடந்தும் மூவரும் பிழைக்கவில்லை. 1930-ல் ஓர் ஆர்க்டிக் தீவில் அவர்களின் உடல்களோடு ஃபிலிம்களும் கிடைத்தன. ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் பொறுமையாகக் கழுவி, 93 படங்களை மீட்டார். பனியில் சாய்ந்து கிடக்கும் பலூனை இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒரு படத்தில். 33 ஆண்டு பனிக்குள் கிடந்த காட்சி!

★ டிஜிட்டல் கேமரா பிறந்ததே ஃபிலிம் விற்ற கோடாக் வீட்டில்தான். 1975-ல் அங்கே பொறியாளர் ஸ்டீவன் சாஸன் செய்த கருவி 0.01 மெகாபிக்சல். ஒரு படம் கேசட்டில் பதிய 23 விநாடி. 2012-ல் கோடாக் திவால் மனு கொடுத்தது.

★ ‘ரோல்ல இன்னும் ரெண்டு இருக்கு, எல்லாரும் வந்து நில்லுங்க’ என்று போட்டோகிராபர் கூப்பிட்ட காலத்துக்கு இன்றைய இளைஞர்கள் ஏங்குகிறார்கள். 2017-ல் கொரியாவில் வந்த ‘குடாக்’ செயலியில் ஒரு ரோலுக்கு 24 படம்தான். பார்க்க மூன்று நாள் பொறுக்க வேண்டும். பென்டாக்ஸ் 2024-ல் புதிதாக ஒரு ஃபிலிம் கேமராவையே இறக்கியது. அரை ஃபிரேம் என்பதால் 36 படச் சுருளில் 72 எடுக்கலாம்.

★ உங்கள் வீட்டு அலமாரியில் பழைய ஸ்டூடியோ கவர் இருந்தால் பிரித்துப் பாருங்கள். ஆரஞ்சு நிறப் பட்டைகள், ஓரத்தில் 12, 12ஏ என்று பொடி எண்கள்: அவைதான் நெகட்டிவ். பிரிண்ட் தொலைந்திருந்தாலும், மங்கியிருந்தாலும், அதிலிருந்து மறுபடி படம் போடலாம். தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். ஈரமில்லாத, சூடில்லாத இடத்தில் வையுங்கள். வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அதை மட்டும் தனியே எடுத்து, முதல் வேலையாக ஸ்கேன் செய்யக் கொடுங்கள்.